மாமியார் சொல்லும் லூப்

கேள்வி: எனக்கு 26 வயது. மகனுக்கு ஒன்றரை வயதாகிறது. அடுத்த குழந்தைக்கு மூன்று வருஷம் போகட்டும் என்று நினைக்கிறேன். அதுவரை கர்ப்பப்பைக்குள் காப்பர்-டி போட்டுக்கொள்ளலாம் என்று நர்ஸ் சொன்னார். மாமியாரோ, "அதெல்லாம் வெள்ளைக்காரன் பழக்கம். எங்க சித்தி லூப் போட்டுப் பட்ட பாடு எனக்குத் தெரியும், கர்ப்பப்பையே கெட்டுப்போகும்" என்கிறார். கணவர் வாயே திறக்கவில்லை. என்ன செய்வது?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, தாராபுரம்

பதில்: உங்கள் மாமியாரின் பயத்தைத் தள்ளிவிடாதீர்கள். அதற்குக் காரணம் இருக்கிறது. அவர் சொல்லும் லூப், 1965-ல் அரசு பெரிய அளவில் கொண்டுவந்த 'லிப்பஸ் லூப்' ஆக இருக்கலாம். கர்ப்பத்தைத் தடுக்கக் கர்ப்பப்பைக்குள் வைக்கும், பாம்பு போல நெளிந்த பிளாஸ்டிக் துண்டு. லட்சக்கணக்கான பெண்களுக்குப் போட்டார்கள். போட்ட பிறகு ரத்தப்போக்கு, வயிற்றுவலி என்று திரும்பி வந்தவர்களைக் கவனிக்கத்தான் ஆளில்லை. சில வருஷத்துக்குள் ஊருக்கு ஊர் பயம் பரவி, திட்டம் படுத்துவிட்டது. அப்புறம் வந்தது நெருக்கடி நிலை. 1976-77-ல் மட்டும் 80 லட்சம் பேருக்கு மேல் கருத்தடை ஆபரேஷன், முக்கால்வாசிப் பேர் ஆண்கள். வடமாநிலங்களில் பிடித்துக்கொண்டு போயே செய்தார்கள். இந்தக் கதைகளைக் கேட்டு வளர்ந்தவர் சும்மா தலையாட்டுவாரா?

ஆனால் 'வெள்ளைக்காரன் பழக்கம்' என்றதும் சிரிப்பு வந்துவிட்டது. கருத்தடையைப் பற்றிப் பேசியவர்களைக் கோர்ட்டுக்கு இழுத்தவன் வெள்ளைக்காரன்! நம் பெசன்ட் நகருக்குப் பெயர் கொடுத்த அன்னி பெசன்ட் அம்மையார், 1877-ல் லண்டனில் நாத்திகத் தலைவர் சார்லஸ் பிராட்லாவுடன் சேர்ந்து ஒரு கருத்தடைக் கையேட்டை ஆறு பென்ஸ் விலைக்கு வெளியிட்டார். நோல்டன் என்ற அமெரிக்க மருத்துவர் எழுதியது அது. அதை எழுதியதற்காக அவரும் சிறைக்குப் போனவர். ஆபாசப் புத்தகம் என்று வழக்குப் போட்டு, இருவருக்கும் ஆறு மாதச் சிறை என்று தீர்ப்பானது. அப்பீலில் சட்ட நுணுக்கம் ஒன்றால் தப்பித்தார்கள். வழக்கு நடந்ததாலேயே புத்தகம் லட்சத்துக்கு மேல் விற்றது வேறு கதை. அம்மையாருக்கு அடி வேறு பக்கம் விழுந்தது. அவருடைய நாத்திகத்தையும் இந்தப் புத்தகத்தையும் காரணம் காட்டி, 1878-ல் சிறுமியாக இருந்த மகளை அவரிடமிருந்து பிரித்து, பிரிந்து வாழ்ந்த கணவரிடம் கொடுத்துவிட்டது நீதிமன்றம்.

நம் பக்கமும் இந்தப் பேச்சு புதிதில்லை. பிள்ளை குறைந்தால் வறுமை குறையும், தாயின் உடம்பு தேறும் என்று மற்றவர்கள் வாதாடியபோது, பெண் சுதந்திரமாக இருப்பதற்காகவே கர்ப்பத்தடை வேண்டும் என்று 'குடிஅரசு'வில் எழுதினார் பெரியார். காந்தியோ புலனடக்கமே போதும் என்றார். என் ஓட்டு பெரியாருக்கு.

சரி, காப்பர்-டிக்கு வருவோம். ஒன்றேகால் அங்குல அளவில், செம்புக் கம்பி சுற்றிய சின்ன பிளாஸ்டிக் 'டி' அது. அடியில் மெல்லிய நூல் தொங்கும். செம்பு விந்தணுவைச் செயலிழக்கச் செய்கிறது. 380ஏ வகை பத்து வருஷம் வரை வேலை செய்யும். வேண்டாமென்றால் டாக்டரிடம் போய் எப்போது வேண்டுமானாலும் எடுத்துவிடலாம். எடுத்ததும் கருத்தரிக்கும் தன்மை திரும்பிவிடும். கர்ப்பப்பை கெடாது. முதல் சில மாதம் மாதவிலக்கில் ரத்தம் கூடுதலாகப் போகும், வலியும் இருக்கலாம். அதனால் ரத்தசோகையோ, வெள்ளைப்படுதலோ இருந்தால் முன்னாடியே சொல்லிவிடுங்கள். போட்ட பிறகு காய்ச்சலோடு அடிவயிறு வலித்தாலும், மாதவிலக்கு தள்ளிப்போனாலும் வீட்டில் உட்கார்ந்து யோசிக்காமல் கிளம்பிவிடுங்கள். முதல் தடவை போகும்போதே மாமியாரைக் கூட்டிப்போங்கள். "அத்தை, நீங்களே டாக்டர்கிட்ட கேளுங்க" என்று விட்டுவிடுங்கள்.

மனசு ஒப்பவில்லையென்றால் 'சாயா' மாத்திரை இருக்கிறது. லக்னோவில் நம் விஞ்ஞானிகள் கண்டுபிடித்தது, ஹார்மோன் இல்லாதது. முதல் மூன்று மாதம் வாரம் இரண்டு, அப்புறம் வாரம் ஒன்று. மூன்று மாதத்துக்கு ஒரு தரம் போடும் 'அந்தரா' ஊசியும் உண்டு. ஆனால் நிறுத்திய பிறகு கரு தங்கப் பல மாதம் ஆகலாம். எல்லாமே அரசு மருத்துவமனைகளில் இலவசம்.

கடைசியாக, வாய் திறக்காத உங்கள் வீட்டுக்காரர். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, கருத்தடை ஆபரேஷன் செய்துகொண்ட மனைவிமார் நூற்றுக்கு 38 பேர். கணவன்மார் ஆயிரத்துக்கு மூன்று பேர். உங்களுக்கு இப்போது ஆபரேஷன் தேவையில்லை, இடைவெளிதான் வேண்டும். நீங்கள் முடிவெடுக்கும்வரை ஆணுறை அவர் பொறுப்பு. ஆரம்ப சுகாதார நிலையத்தில் காசில்லாமல் கொடுப்பார்கள், அவரே போய் வாங்கி வரட்டும்.