ப்ராஸ்டேட் வீக்கத்துக்குக் கொடுக்கும் ஃபினாஸ்டரைடு மாத்திரையே முடி கொட்டுவதற்கும் எப்படி வேலை செய்கிறது?

முடிக்காக உங்களுக்கு எழுதிக் கொடுத்திருப்பார்கள். வீட்டில் பெரியவர் யாரோ அதே மாத்திரையை, சிறுநீர்ப்பைக்குக் கீழே ஆண்களுக்கு இருக்கும் ப்ராஸ்டேட் சுரப்பி வீங்கி வரும் சிறுநீர்த் தொல்லைக்குச் சாப்பிடுவதைப் பார்த்திருப்பீர்கள். சரிதானே?

டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோனை 5-ஆல்பா ரிடக்டேஸ் என்ற நொதி, டிஹெச்டி என்ற இன்னும் வீரியமான ஹார்மோனாக மாற்றுகிறது. வயதானால் ப்ராஸ்டேட்டைப் பெருக்க வைப்பதும், வழுக்கை பரம்பரையாக வரும் குடும்பத்தில் மயிர்க்கால்களைச் சுருக்குவதும் இந்த டிஹெச்டிதான். ஃபினாஸ்டரைடு அந்த நொதியைத் தடுக்கிறது. ரத்தத்தில் டிஹெச்டி சுமார் 70% இறங்கிவிடும். ப்ராஸ்டேட்டுக்கு 5 மில்லிகிராம் (அமெரிக்காவில் 1992-ல் அனுமதி), முடிக்கு 1 மில்லிகிராம் (1997). டொமினிகன் குடியரசில் பிறவியிலேயே இந்த நொதி குறைந்த ஆண்களுக்கு ப்ராஸ்டேட் சிறிதாகவே இருந்தது, வழுக்கையும் விழவில்லை. 1974-ல் வெளிவந்த அந்த ஆய்விலிருந்து பிறந்த யோசனைதான் இது.

என் அப்பாவுக்கு ராத்திரியில் தூக்கமே இல்லை, எழுந்து எழுந்து போவார். யூராலஜிஸ்ட், சிறுநீர்ப் பாதையின் தசையைத் தளர்த்தும் டாம்சுலோசினும் ஃபினாஸ்டரைடும் சேர்த்துக் கொடுத்தார். டாம்சுலோசின் சில நாளிலேயே கேட்டது. "இன்னொண்ணு தண்டம்டா, நிறுத்திடறேன்" என்று தினமும் சண்டை. சுரப்பி சுருங்க ஆறு மாதமாவது ஆகும் என்று சொல்லிச் சொல்லிக் கொடுத்தேன்.

அடுத்த வருடம் ஒரு மாஸ்டர் செக்கப்பில் பிஎஸ்ஏ (ப்ராஸ்டேட் புற்றுநோய் சந்தேகம் உண்டா என்று பார்க்கும் ரத்தப் பரிசோதனை) 3.1. நாலுக்குக் கீழே, "நார்மல்" என்று அனுப்பிவிட்டார்கள். என்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்று ஒருத்தர் கேட்கவில்லை! ஃபினாஸ்டரைடு பிஎஸ்ஏ-வைப் பாதியாக இறக்கிவிடும், இரண்டால் பெருக்கித்தான் பார்க்க வேண்டும். யூராலஜிஸ்ட் ரிப்போர்ட்டைப் பார்த்ததுமே "இது ஆறுக்கு மேல" என்று பயாப்ஸிக்கு எழுதினார். புற்றுநோய் இல்லை என்று வரும்வரை அம்மா சரியாகச் சாப்பிடவே இல்லை.

நான் சைட் எஃபெக்டை மறைப்பதாக யாரும் சண்டைக்குக் கிளம்ப வேண்டாம். தாம்பத்திய ஆசை குறைவது, விறைப்புக் கோளாறு, மனச்சோர்வு எல்லாம் சிலருக்கு வரும், வந்தால் டாக்டரிடம் கூச்சப்படாமல் சொல்லுங்கள். காசு மிச்சம் என்று 5 மில்லிகிராமை நாலாக உடைப்பவர்களே, அந்தத் தூளைக் கர்ப்பிணிகள் தொடக்கூடாது. வயிற்றில் ஆண் குழந்தை இருந்தால் பிறப்புறுப்பு வளர்ச்சி பாதிக்கும்.

இன்னொன்று, மெடிக்கல் ஷாப்காரர்களுக்கு. பெயரும் எக்ஸ்பைரி தேதியும் இருக்கிற பக்கத்தை நீங்கள் வைத்துக்கொண்டு வெறும் நாலு மாத்திரையை வெட்டிக் கொடுத்தால், என்ன சாப்பிடுகிறோம் என்று ஒரு பெரியவர் லேபில் எப்படிச் சொல்வார்? பில்லாவது கேட்காமலே கொடுங்கள்.