எந்தக் கேஸ் என்று கேட்டால்

வணக்கம். நான் கல்லூரியில் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். தினமும் பஸ்ஸில் எங்கள் ஊர் கோர்ட்டைத் தாண்டித்தான் போகிறேன். ஒருநாள் உள்ளே உட்கார்ந்து பார்க்க ஆசை. அப்பாவிடம் சொன்னதற்கு, "கேஸ் இல்லாதவங்க கோர்ட் படி ஏறுவாங்களா?" என்று கோபப்பட்டார். சும்மா பார்க்க வருபவர்களை விடுவார்களா? போய்த்தான் என்ன ஆகப்போகிறது?
– ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

விடுவார்கள். குற்ற வழக்கு நடக்கும் இடம் திறந்த நீதிமன்றம், இடம் கொள்ளும் வரை பொதுமக்கள் வரலாம் என்று பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 327ஆம் பிரிவு சொன்னது. 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்தில் அது 366ஆம் பிரிவு. சிவில் வழக்குக்கும் இதே விதிதான். பாலியல் வன்கொடுமை வழக்குகளும், குழந்தைகள் மீதான பாலியல் குற்றங்களுக்கான போக்சோ வழக்குகளும் மூடிய அறையில் நடக்கும். குடும்ப நீதிமன்றத்தில் ஒரு தரப்பு கேட்டால் கதவை மூடுவார்கள். வெளியே போகச் சொன்னால் உடனே எழுந்துவிடுங்கள்.

அப்பாவின் கோபமும் புரிகிறது. நம் ஊர்களில் கோர்ட்டுக்கு அலைந்தவர் என்றால் நிலத்தையோ நிம்மதியையோ தொலைத்தவர் என்றுதானே அர்த்தம்.

முதல் தடவையே சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போகாதீர்கள். 1892இல் திறந்த அந்தச் சிவப்புக் கட்டடம் அழகுதான். ஆனால் வாசலில் சோதனை உண்டு, உள்ளே வாதம் ஆங்கிலத்தில், சாட்சி கூண்டேறுவது அபூர்வம். உங்கள் ஊர் மாஜிஸ்திரேட் கோர்ட்டுக்குப் போங்கள். பத்தரை மணிக்கு டவாலி, அதாவது கோர்ட் சேவகர், ஒவ்வொரு பெயராகக் கூப்பிடுவார், ஆள் வந்து நிற்கும், வாய்தா தேதி சொல்வார்கள், போய்விடும். ஒன்றும் புரியாது. அந்த ஒரு மணி நேரத்தைப் பொறுத்துக்கொள்ளுங்கள். அப்புறம்தான் சாட்சி விசாரணை.

நான் போன முதல் நாள் ஒரு வரப்புத் தகராறு, அடிதடி கேஸ். கண்ணால் பார்த்த சாட்சியாக ஒரு பெரியவர். சம்பவம் எத்தனை மணிக்கு என்று கேட்டார்கள். "மாடு பிடிச்சுக் கட்டுற நேரமுங்க" என்றார். நீதிபதி டைப்பிஸ்ட் பக்கம் திரும்பி, "மாலை சுமார் ஆறு மணிக்கு" என்று சொல்லத் தொடங்கினார். பெரியவர் கூண்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டே, "ஐயா, ஆறு மணின்னு நான் சொல்லலீங்க" என்றார். நீதிபதி நிறுத்தி, அவர் சொன்ன வார்த்தையையே டைப் செய்யச் சொன்னார்.

எதிர்த்தரப்பு வக்கீல் அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு அரை மணி நேரம் குறுக்கு விசாரணை செய்தார். மார்கழியில் மாடு கட்டும்போது இருட்டியிருக்குமே, அடித்தவன் முகம் எப்படித் தெரிந்தது? கடைசியில் வாக்குமூலத்தைப் படித்துக் காட்டினார்கள். பெரியவர் ஒவ்வொரு வரிக்கும் தலையாட்டி, எழுத்துக்கூட்டிக் கையெழுத்துப் போட்டார். ஒரு மனிதனின் ஜெயில் இப்படி ஒரு சொல்லில் நிற்கிறது என்பதை நான் அதுவரை உணர்ந்ததே இல்லை.

போய் என்ன ஆகும் என்று கேட்டீர்கள். 1966இல் மிராஜ்கர் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு இதைப் பேசியது. பொதுமக்கள் பார்க்க நடக்கும் விசாரணை, நீதிபதி மனம்போன போக்கில் போவதைத் தடுக்கும் என்றது. அப்படிப் பார்ப்பதற்கு அன்று அந்த அறையில் என்னைத் தவிர யாருமே இல்லை. எல்லாரும் ஏதாவது ஒரு பக்கத்து ஆள். வெளியே வந்ததும் பெரியவர், "நீங்க எந்தப் பக்கம் தம்பி?" என்று கேட்டார். பார்க்கத்தான் வந்தேன் என்றேன். இதற்கு முன் மூன்று முறை வந்து வாய்தாவோடு திரும்பியதை, மூன்று நாள் கூலி போனதைச் சொன்னார். அதைக் கேட்கவும் அங்கே வேறு ஆள் இல்லை.

போனை அணைத்துவிடுங்கள், படம் எடுக்கவே கூடாது. அடையாள அட்டை கையில் இருக்கட்டும். நீதிபதி வரும்போது எல்லாரோடும் எழுந்து நில்லுங்கள். பின் பெஞ்சில் உட்காருங்கள், முன்வரிசை வக்கீல்களுக்கு. "எந்தக் கேஸ்மா?" என்று டவாலி கேட்பார். கேஸ் இல்லை, விசாரணை பார்க்க வந்தேன் என்று சொல்லுங்கள், போதும். முடிந்தால் அப்பாவையும் கூட்டிக்கொண்டு போங்கள்.