பையன் ராத்திரி பகலாக கம்ப்யூட்டரை ஓடவிடுகிறான், பிளேஸ்மென்ட் என்ன ஆகும்?

திருமங்கலத்தில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கும் ஓர் அண்ணன் கேட்டது இது. மகன் மதுரையில் கம்ப்யூட்டர் சயின்ஸ் மூன்றாம் ஆண்டு. ராத்திரி முழுக்க கம்ப்யூட்டர் ஓடுகிறது, கேட்டால் "ஆராய்ச்சிக்குக் கணக்குப் போட்டுக் கொடுக்கிறேன், அந்த சாப்ட்வேரை எல்லா சிஸ்டத்திலும் வேகமாக ஓட வைக்கப் பார்க்கிறேன்" என்கிறானாம். காசு வருவதில்லை, கரண்ட் பில் மட்டும் வருகிறது.

அண்ணே, முதலில் பயத்தை விடுங்கள், இது பிட்காயினும் இல்லை, சூதாட்டமும் இல்லை. வீடுகளில் சும்மா கிடக்கும் கம்ப்யூட்டர்களைச் சேர்த்து பெரிய கணக்குகளைப் போடும் வேலை, பாயிங்க் என்ற சாப்ட்வேரை இதற்காகவே 2002-ல் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் எழுதத் தொடங்கினார்கள். அதில் ஓடும் ஐன்ஸ்டைன்@ஹோம் திட்டத்தில் 2010-ல் ஒரு புதிய பல்சரே (வேகமாகச் சுழன்று சீராகத் துடிக்கும் நட்சத்திரம்) கிடைத்தது, கண்டுபிடித்தவை அமெரிக்காவிலும் ஜெர்மனியிலும் சாதாரண ஆட்கள் வீட்டில் ஓடிய கம்ப்யூட்டர்கள்.

ஆனால் தம்பி அதை ஓடவிடுகிறானா, வேகமாக்குகிறானா என்று கேளுங்கள். ஓடவிடுவது மட்டும் என்றால் அது தர்மம், நல்ல காரியம்தான், ரெஸ்யூமில் எழுத ஒன்றும் இல்லை. வேகமாக்குகிறான் என்றால் அது வேறு கதை.

உங்கள் கடையில் ஒரே ஸ்பேனர் எல்லா நட்டுக்கும் சேராது இல்லையா, புராசசரும் அப்படித்தான். ஏவிஎக்ஸ்2 என்ற கட்டளைகள் உள்ள புராசசர் எட்டு சின்ன எண்களை ஒரே அடியில் பெருக்கும், அதை நம்பி எழுதிய புரோகிராமைப் பழைய புராசசரில் போட்டால் அப்படியே விழுந்துவிடும். அதனால் நல்ல புரோகிராம் முதலில் இந்த சிஸ்டத்துக்கு என்ன தெரியும் என்று பார்த்து, அதற்கேற்ற பாதையில் போக வேண்டும். பகா எண் தேடும் ஜிம்ப்ஸ் திட்டத்தின் பிரைம்95-ல் இதற்காக ஒவ்வொரு வகை புராசசருக்கும் தனித்தனியாக அசெம்பிளியில், அதாவது புராசசரின் கட்டளைகளிலேயே, எழுதியிருக்கிறார்கள். அதே திட்டத்தில் 2024-ல் கிடைத்த, 4 கோடி இலக்கத்துக்கும் மேல் நீளமான பகா எண்ணைப் பிடித்தது கிராபிக்ஸ் கார்டில் ஓடும் புரோகிராம். அப்புறம், புராசசருக்குள் கணக்குப் போடும் கோர் எட்டு இருந்தால் எட்டு மடங்கு வேகம் வரும் என்பதும் இல்லை, மெமரி தரவைக் கொண்டுவந்து கொடுக்க முடியாமல் பாதி கோர் காத்துக் கிடக்கும். இன்னொரு வம்பு, தசமப் புள்ளி வைத்த எண்களில் கணக்கு வரிசையை மாற்றினாலே கடைசி இலக்கங்கள் மாறும். ஒரே வேலையை இரண்டு பேருக்கு அனுப்பி விடையை ஒப்பிடும் திட்டத்தில், தம்பியின் "வேகமான" விடை தப்பு என்று திரும்பி வரலாம்.

சரி, எவ்வளவு வேகம் கூடியது, எதை வைத்து அளந்தாய், விடை சரி என்று எப்படித் தெரியும் என்று அவனிடம் கேளுங்கள். நம்ம ஊர் சித்திரை வெயிலில் புராசசர் சூடேறித் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், பகலில் பழையதை ஓட்டி விடியற்காலையில் புதியதை ஓட்டிவிட்டு "வேகம் கூடிடுச்சு" என்றால் நம்பாதீர்கள். பெர்ஃப் போன்ற கருவியில் எங்கே நேரம் போகிறது என்று பார்த்து, மாற்றத்தை மூல திட்டத்துக்கே கிட்ஹப்பில் (புரோகிராம்களைப் பகிர்ந்து எழுதும் இணையதளம்) அனுப்பி, அங்கே உள்ளவர்கள் குறை சொல்ல, திருத்தி, ஏற்க வைத்தால் அந்த ஒரு லிங்க் பத்து ஆன்லைன் சர்டிபிகேட்டுக்கு மேல் என்பது என் கருத்து.

வேலை? கேம்பஸுக்குக் கூட்டமாக ஆள் எடுக்க வருகிற கம்பெனிகள் பெரும்பாலும் இதைக் கேட்காது, ஆப்டிடியூடும் டேட்டா ஸ்ட்ரக்சரும்தான் கேட்கும், அதைத் தனியாகப் படித்தே ஆக வேண்டும், அரியர் இருந்தால் முதலில் அதை முடிக்கட்டும். இந்தத் திறமைக்கு விலை கொடுப்பவர்கள் பெங்களூரு, ஹைதராபாத்தில் உள்ள இன்டெல், ஏஎம்டி, என்விடியா, குவால்காம் மாதிரி சிப் கம்பெனிகள், சூப்பர் கம்ப்யூட்டர் வேலை செய்யும் அரசின் சி-டாக். இடங்கள் குறைவு, போட்டி அதிகம், அதை மறைக்க மாட்டேன். கேட் தேர்வு எழுதி எம்.டெக் போகிற யோசனை இருந்தால் கம்ப்யூட்டர் ஆர்கனைசேஷன் பாடத்தில் இவனுக்கு ஒரு பிடி ஏற்கெனவே இருக்கும்.

பல சிஸ்டங்களில் சோதிக்க வேண்டும் என்று காலேஜ் லேபில் சொல்லாமல் இன்ஸ்டால் செய்துவிடப் போகிறான், அதை மட்டும் கண்டிப்பாகத் தடுங்கள். அமெரிக்காவின் ஜார்ஜியாவில் ஒரு கல்லூரியின் சிஸ்டம் அட்மின் இப்படி ஒரு தன்னார்வ புரோகிராமைக் கல்லூரி கம்ப்யூட்டர்களில் போட்டதற்கு கிரிமினல் வழக்கே வந்தது. துறைத் தலைவரிடம் (எச்.ஓ.டி.) எழுத்தில் அனுமதி வாங்கட்டும், இல்லையென்றால் சொந்தக்காரர் வீட்டுப் பழைய லேப்டாப் போதும், பழசுதான் இதற்கு உதவியும்கூட.

கரண்ட் பில்லுக்கு வருவோம். 150 வாட் இழுக்கும் கம்ப்யூட்டர் 24 மணி நேரம் ஓடினால் ஒரு நாளைக்கு 3.6 யூனிட், இரண்டு மாத பில்லில் 216 யூனிட். மொத்தம் 500 யூனிட்டைத் தாண்டினால் கட்டண அடுக்கே மாறிவிடும். சோதிக்கிற நேரத்துக்கு மட்டும் ஓட்டு, மற்ற நேரம் அணைத்து வை என்று சொல்லுங்கள். வேகமாக்குகிற வேலைக்கு அது போதும்.