ஸ்போர்ட்ஸ் கார்: வாங்கும் விலை ஒன்று, வைத்திருக்கும் செலவு வேறு
வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: ஜெர்மனியில் இருக்கும் என் தம்பி போர்ஷே 911 வாங்கியிருக்கிறான். அதே கார் இங்கே பல மடங்கு விலை. அந்த வித்தியாசம் முழுக்க சிஓஇ தானா? – சிங்கப்பூர் வாசகர்

பதில்: இல்லை. சிஓஇ என்பது 10 ஆண்டு கார் வைத்திருக்க ஏலத்தில் எடுக்கும் உரிமைச் சான்று. விலை உயர்ந்த காரில் அதைவிடப் பெரிய சுமை ஏஆர்எஃப் எனப்படும் கூடுதல் பதிவுக் கட்டணம்தான். 2023 பிப்ரவரியிலிருந்து அது ஐந்து படிகளாக ஏறுகிறது. காரின் திறந்த சந்தை மதிப்பில், அதாவது வரிகள் சேருமுன் உள்ள இறக்குமதி விலையில், முதல் 20,000 வெள்ளிக்கு (சிங்கப்பூர் டாலர்) 100 சதவீதம், அடுத்தடுத்த 20,000 வெள்ளிகளுக்கு 140, 190, 250 சதவீதம், 80,000 வெள்ளியைத் தாண்டிய ஒவ்வொரு வெள்ளிக்கும் 320 சதவீதம்.

மதிப்பு 1,00,000 வெள்ளி என்று வைத்துப் போட்டுப் பாருங்கள். ஏஆர்எஃப் மட்டும் 20,000 + 28,000 + 38,000 + 50,000 + 64,000. ஆக மொத்தம் 2,00,000 வெள்ளி. சுங்கத் தீர்வை 20 சதவீதம், அதாவது 20,000. காரின் மதிப்பும் தீர்வையும் சேர்ந்த தொகைக்கு 9 சதவீத ஜிஎஸ்டி 10,800. சிஓஇ எடுக்கும் முன்பே 3,30,800 ஆகிவிட்டது. மாசு அளவுக்கான கூடுதல் கட்டணமும் விற்பனையாளரின் லாபமும் இதில் சேரவில்லை.

சிஓஇ ஏலத்தில் பெரிய கார்களுக்கான பி பிரிவு 2023 அக்டோபரில் 1,50,001 வெள்ளியைத் தொட்டது. 1,20,000க்குக் கிடைத்தது என்று கொண்டாலும் 10 ஆண்டில் கரைந்துபோகும் பணம் அது. வண்டி கீழ்த்தளத்தில் துணி போர்த்தி நின்றாலும் மாதம் 1,000 வெள்ளி போய்க்கொண்டே இருக்கும். சாலை வரி இவற்றோடு ஒப்பிட்டால் சிறியது. 3 லிட்டர் 911க்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 2,360 வெள்ளி.

பழைய கார் பார்க்கிறீர்கள் என்றால் விற்பவரிடம் முதலில் கேட்க வேண்டியது பார்ஃப் தொகை. 10 ஆண்டு முடியுமுன் பதிவை நீக்கினால் ஏஆர்எஃபில் ஒரு பங்கு திரும்பக் கிடைக்கும். முன்பெல்லாம் பத்தாவது ஆண்டிலும் பாதி கிடைத்தது. மேலே சொன்ன காருக்கு அது 1,00,000 வெள்ளி. 2023 பிப்ரவரியில் அதற்கு 60,000 வெள்ளி உச்சவரம்பு வந்தது, 2026 பிப்ரவரியில் அது 30,000 ஆகக் குறைந்தது. எந்த விதி பொருந்தும் என்பதை அந்தக் கார் சிஓஇ பெற்ற தேதிதான் தீர்மானிக்கிறது. ஆகவே பதிவு விவரத்தை வாங்கிப் பார்க்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள். 10 ஆண்டுக்குப் பிறகு சிஓஇயைப் புதுப்பித்து ஓட்டினால் பார்ஃப் முழுவதும் போய்விடும்.

உங்கள் தம்பியின் கணக்கு அடுத்த பதிலில் வருகிறது.

கேள்வி: பாரிஸில் வசிக்கிறேன். ஜெர்மனியில் பழைய ஸ்போர்ட்ஸ் கார் மலிவு என்று ஒருவர் தேடிக் கொடுத்திருக்கிறார். கொண்டுவந்து இங்கே பதிந்தால் போதுமா? – பிரான்ஸ் வாசகர்

பதில்: முன்பணம் கொடுக்குமுன் அந்தக் காரின் பதிவுச் சான்றைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். ஐரோப்பிய ஒன்றியம் முழுக்க ஒரே குறியீடுகள்தான். பி.1 என்ற கட்டத்தில் இன்ஜின் அளவு, பி.2 கட்டத்தில் கிலோவாட், வி.7 கட்டத்தில் கிலோமீட்டருக்கு எத்தனை கிராம் கரியமில வாயு என்று இருக்கும். நீங்கள் இருக்கும் நாட்டைப் பொறுத்து இந்த மூன்றில் ஒன்றையோ இரண்டையோ பார்த்து வரி போடுவார்கள்.

ஜெர்மனி ஆண்டு வரியை இன்ஜின் அளவும் புகையும் பார்த்துப் போடுகிறது. பெட்ரோல் காருக்கு ஒவ்வொரு 100 சிசிக்கும் 2 யூரோ. 2021 முதல் பதியப்பட்ட கார்களுக்கு 95 கிராமைத் தாண்டிய ஒவ்வொரு கிராமுக்கும் 2 யூரோவில் தொடங்கி, 195 கிராமுக்கு மேல் 4 யூரோ வரை ஏறும். 2,981 சிசி, 240 கிராம் என்றால் 60 + 440 = 500 யூரோ. சிங்கப்பூர் வாசகரின் தம்பி ஆண்டுக்குக் கட்டுவது ஏறத்தாழ இவ்வளவுதான். பனிக்காலத்தில் ஓட்டமாட்டேன் என்பவர் 04–10 என்று மாதம் பொறித்த பருவகாலப் பலகை வாங்கினால் வரியும் காப்பீடும் அந்த மாதங்களுக்கு மட்டுமே. மற்ற மாதங்களில் வண்டியைப் பொதுத்தெருவில் நிறுத்தி வைக்கவும் கூடாது.

பிரான்ஸில் ஆண்டு வரி இல்லை. ஆனால் முதன்முறை பதியும்போது ‘மாலுஸ்’ என்ற தண்டவரி உண்டு. 2023 வரை அது காரின் விலையில் பாதியைத் தாண்டக் கூடாது என்றிருந்தது. 2024இல் அந்தப் பாதுகாப்பை எடுத்துவிட்டார்கள். அந்த ஆண்டு அதிகபட்சம் 60,000 யூரோ, 2025இல் 70,000 யூரோ. இதனால் நடுத்தர விலையுள்ள வி8 காருக்குக் காரின் விலையை எட்டிப்பிடிக்கும் வரி விழுகிறது. எடைக்குத் தனி மாலுஸும் உண்டு. வெளிநாட்டில் ஓடிய பழைய காரும் பிரான்ஸில் முதல்முறை பதியும்போது இதிலிருந்து தப்பாது, வயதுக்கேற்பத் தொகை குறையும், அவ்வளவுதான். ஆகவே ஏற்கெனவே பிரான்ஸில் பதிவான காரின் விலை சில ஆயிரம் யூரோ கூடுதலாக இருந்தாலும், பெரும்பாலும் அதுவே லாபம்.

இத்தாலியில் உறவினர் இருந்தால் அவரிடம் பி.2 கட்டத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். வழக்கமான வரியோடு, 185 கிலோவாட்டுக்கு மேல் ஒவ்வொரு கிலோவாட்டுக்கும் ஆண்டுதோறும் 20 யூரோ ‘சூப்பர்போல்லோ’ உண்டு. 290 கிலோவாட் காருக்கு 2,100 யூரோ. கார் தயாராகி ஐந்து ஆண்டானதும் இது 12 யூரோவாகவும், பத்தில் 6, பதினைந்தில் 3 ஆகவும் இறங்கி, இருபதில் இல்லாமல் போகும்.

கேள்வி: பழைய ஃபெராரி 360 ஒன்று புதிய 911ஐவிடக் குறைந்த விலைக்கு வருகிறது. வாங்கலாமா? – லண்டன் வாசகர்

பதில்: வாங்கலாம். ஆனால் பராமரிப்பு என்பது அது புதிதாக இருந்தபோதைய விலைக்கு ஏற்றபடிதான் இருக்கும், இன்றைய விலைக்கு அல்ல. இதை மனதில் ஏற்றிக்கொள்ளாமல் வாங்கியவர்கள்தான் ஓரிரு ஆண்டில் நட்டத்துக்கு விற்கிறார்கள்.

360 இன்ஜினில் கேம்ஷாஃப்டைச் சுழற்றுவது ரப்பர் டைமிங் பெல்ட். அறுந்தால் பிஸ்டன் வால்வில் முட்டும், இன்ஜின் போகும். மைல் ஓடியதோ இல்லையோ, மூன்று ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுவது வழக்கம். பெல்ட்டோடு டென்ஷனர் பேரிங்கையும் மாற்றியிருக்கிறார்களா என்று பில்லில் பாருங்கள். அதை மிச்சம் பிடித்தால் பெல்ட் மாற்றியும் பயனில்லை. முந்தைய எஃப்355இல் இந்த வேலைக்கு இன்ஜினையே கீழே இறக்க வேண்டும். 360இல் இருக்கைக்குப் பின்னுள்ள மூடியைத் திறந்தே செய்துவிடலாம். எஃப்430இல் பெல்ட் போய்ச் செயின் வந்தது. ஆனால் அதில் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு விரிசல் விடும்.

கிளட்ச் மிதி இல்லாத எஃப்1 கியர்பாக்ஸ் இருந்தால் கிளட்ச் எத்தனை சதவீதம் தேய்ந்திருக்கிறது என்பதைக் கணினி இணைத்துப் படிக்கலாம். நெரிசலில் ஊர்ந்தும், பின்னோக்கி மேட்டில் ஏற்றியும் பழகிய காரில் அது சீக்கிரம் தீரும். படித்த தாளைக் காட்டாத விற்பனையாளரை நம்ப வேண்டாம். எக்ஸாஸ்டின் முன்பகுதிக் கேட்டலிஸ்ட் உதிர்ந்தால் அந்தத் துகள் இன்ஜினுக்குள் இழுபடும் ஆபத்தும் உண்டு. ஆகவே ஃபெராரியில் கைப்பழக்கம் உள்ள தனிப் பட்டறையில் கம்ப்ரெஷன், லீக்‌டவுன் என இன்ஜினின் அழுத்தத்தையும் கசிவையும் காட்டும் இரண்டு சோதனைகளையும் செய்யச் சொல்லுங்கள். விற்பவர் சொல்லும் பட்டறையில் அல்ல.

வரியில் ஒரு தேதி முக்கியம்: 23 மார்ச் 2006. 2001 மார்ச் முதல் இந்தத் தேதிக்கு முன்பு வரை பதிவான கார் எவ்வளவு புகை விட்டாலும் ஆண்டு வரிப் பட்டியலின் கே பிரிவோடு நிற்கும். 2025–26இல் அது 430 பவுண்ட். அன்று முதல் 2017 மார்ச் வரை பதிவானால், 255 கிராமுக்கு மேல் அதே ஆண்டில் 760 பவுண்ட். எஃப்430 தேடுபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். அடுத்தடுத்து வெளிவந்த இரு கார்களில் ஒன்றுக்கு மட்டும் ஒவ்வோர் ஆண்டும் ஏறத்தாழ 330 பவுண்ட் கூடுதலாகும். புதிய 911க்கு வேறு கணக்கு: விலை 40,000 பவுண்டைத் தாண்டுவதால் இரண்டாம் ஆண்டு முதல் ஆறாம் ஆண்டு வரை வழக்கமான வரியோடு ஒரு கூடுதல் தொகை சேரும். 2025–26இல் அவை 195 பவுண்டும் 425 பவுண்டும். காப்பீட்டில் ‘ஒப்புக்கொண்ட மதிப்பு’ என்று எழுதி வாங்குங்கள். இல்லாவிட்டால் விபத்துக்குப் பிறகு காரின் மதிப்பை அவர்கள்தான் சொல்வார்கள்.

கேள்வி: துபாயில் ஏழு ஆண்டாக மஸ்டாங் ஜிடி வைத்திருக்கிறேன். ஊருக்குத் திரும்பும்போது கொண்டுவர முடியுமா? – துபாய் வாசகர், சொந்த ஊர் திருநெல்வேலி

பதில்: முடியாது. இந்திய இறக்குமதிக் கொள்கைப்படி பழைய கார் வலதுபுற ஸ்டியரிங்காக இருக்க வேண்டும், மூன்று ஆண்டுக்கு மேற்படக் கூடாது, மும்பைத் துறைமுகம் வழியாக மட்டுமே வர வேண்டும். உங்கள் கார் முதல் இரண்டிலேயே நின்றுவிடுகிறது. கப்பலில் ஏற்றித் தருகிறேன், மற்றதை அங்கே பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்பவரிடம் பணம் கொடுத்துவிடாதீர்கள். அங்கேயே விற்பதுதான் வழி. வளைகுடா நாடுகளுக்கென்றே தயாரித்த ‘ஜிசிசி ஸ்பெக்’ காராக இருந்தால் அதற்கான தாளையும் சர்வீஸ் பதிவுகளையும் சேர்த்துக் காட்டுங்கள். அமெரிக்காவிலிருந்து வந்த காரைவிட நல்ல விலை போகும்.

துபாயில் நீங்கள் கட்டியது 5 சதவீதச் சுங்கமும் 5 சதவீத வாட் வரியும் மட்டுமே. இந்தியாவில், முழுமையாகத் தயாரான நிலையில் இறக்குமதியாகும் 40,000 டாலருக்கு மேற்பட்ட புதிய காருக்குப் பொதுவான சுங்கம் 110 சதவீதம். அதன்மேல் 2025 செப்டம்பர் 22 முதல் 40 சதவீத ஜிஎஸ்டி. துறைமுகத்தில் 1 கோடி மதிப்புள்ள கார் 2.10 கோடியாகி, ஜிஎஸ்டியோடு 2.94 கோடி. தமிழ்நாட்டில் 20 லட்சத்துக்கு மேற்பட்ட காருக்கு ஆயுள் வரி 20 சதவீதம். இதே தொகைக்கே போட்டாலும் 58.80 லட்சம். கடைசியில் 3.5 கோடியைத் தாண்டும், ஷோரூம் லாபமும் காப்பீடும் தனி.

ஊரில் வாங்குவதானால் முன்பக்க லிஃப்ட் வசதி இல்லாத காரை எடுக்க வேண்டாம். வேகத்தடைக்கு விதிப்படி உயரம் 10 செ.மீ. தெருவில் இருப்பவை பல அதைவிட உயரம், சரிவும் செங்குத்து. முன் பம்பரின் அடி உதடு உரசினால் பெயிண்ட்தான் போகும். நடு அடிப்பாகம் தட்டினால் கேடயத் தகடு பெயர்ந்து குளிரூட்டும் குழாய்வரை போகலாம். தடையைக் குறுக்காக, ஒரு சக்கரம் முதலில் ஏறும்படி கடப்பது ஓரளவு காப்பாற்றும்.

கேள்வி: ஜப்பானில் வேலை கிடைத்திருக்கிறது. அங்கே மாஸ்டா ரோட்ஸ்டர் வைத்திருக்க எவ்வளவு? – பெங்களூரு வாசகர்

பதில்: சிறிய ஸ்போர்ட்ஸ் காருக்கு அது நல்ல நாடு. துணிக்கூரை ரோட்ஸ்டர் 1.5 லிட்டர், ஆண்டு வரி 30,500 யென். 3 லிட்டர் வரை 50,000, 6 லிட்டருக்கு மேல் 1,10,000. பெட்ரோல் கார் பதிவாகி 13 ஆண்டு தாண்டினால் 15 சதவீதம் கூடும். ‘ஷாக்கென்’ பரிசோதனை புதிய காருக்கு மூன்றாம் ஆண்டிலும் பிறகு இரண்டு ஆண்டுக்கு ஒருமுறையும் வரும். எடை வரியும் கட்டாயக் காப்பீடும் அப்போதே கட்ட வேண்டும். காருக்கு முன் தேட வேண்டியது நிறுத்துமிடம். வீட்டிலிருந்து 2 கி.மீ.க்குள் இடம் இருக்கிறது என்று காவல் நிலையச் சான்று வேண்டும். டோக்கியோ நடுவில் கடனுக்கு அடுத்த பெரிய மாதச் செலவு அந்த வாடகைதான்.

கேள்வி: நவம்பர் முதல் ஏப்ரல் வரை கார் கராஜில்தான் நிற்கிறது. ஓடியது 9,000 கி.மீ. டயரை மாற்று என்கிறார்கள். ஏமாற்றுகிறார்களா? – டொரன்டோ வாசகர்

பதில்: டயரின் பக்கச்சுவரில் ‘டாட்’ என்ற எழுத்துகளோடு தொடங்கும் வரியின் கடைசி நான்கு எண்களைப் பாருங்கள். 2217 என்றால் 2017ஆம் ஆண்டின் 22வது வாரத்தில் செய்தது. பள்ளம் முழுதாக இருந்தாலும் அத்தனை வயதான ரப்பர் இறுகிப் பிடிப்பை இழந்திருக்கும். ஸ்போர்ட்ஸ் காரின் கோடைக்கால டயர் 7 பாகை செல்சியஸுக்குக் கீழே விறைக்கத் தொடங்கும். உறைபனியில் வண்டியை நகர்த்தினால் பள்ளங்களின் அடியில் முடிபோல் வெடிப்பு விடும். டார்ச் அடித்துப் பாருங்கள். வெடிப்பு தெரிந்தால் பட்டறைக்காரர் சொல்வது சரி. நான்கையும் மாற்ற வேண்டியதுதான்.

நிறுத்துமுன் இன்ஜின் ஆயிலை மாற்றுங்கள், பெட்ரோலை நிரப்பி ஸ்டெபிலைசர் ஊற்றுங்கள், டயரில் காற்றைச் சற்றுக் கூட்டுங்கள், பேட்டரியைப் பராமரிப்புச் சார்ஜரில் விடுங்கள். வாரம் ஒருமுறை ஐந்து நிமிடம் ஸ்டார்ட் செய்து அணைப்பது கெடுதல். சூடேறாத இன்ஜினில் உண்டாகும் நீர் ஆயிலிலும் சைலன்சரிலும் தங்கிவிடும். பிரேக் ஆயில் ஈரத்தை உறிஞ்சும், ஓடாவிட்டாலும் இரண்டு ஆண்டில் மாற்ற வேண்டும். கார்பன் செராமிக் பிரேக் என்றால் தேய்மானம் எடையில் தெரியும். டிஸ்க்கின் நடுவில் குறைந்தபட்ச எடை பொறித்திருக்கும், கழற்றித் தராசில் வைத்துப் பார்ப்பார்கள்.

ஒன்டாரியோவில் 2022 மார்ச் முதல் நம்பர்பலகை ஸ்டிக்கர் கட்டணம் இல்லை. நிற்கும் மாதங்களுக்குத் தீ, திருட்டுக் காப்பு மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை நிறுத்தச் சொல்லிக் காப்பீட்டு நிறுவனத்திடம் கேளுங்கள். திரும்பத் தொடங்கும் தேதியையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். அடுத்த காரைப் புதிதாக வாங்கினால் 1,00,000 டாலருக்கு மேல் ஆடம்பர வரி உண்டு. மொத்த விலையில் 10 சதவீதம், கூடுதல் தொகையில் 20 சதவீதம், இரண்டில் எது குறைவோ அது. 1,50,000 டாலர் காருக்கு 10,000. அந்த வரியையும் சேர்த்த 1,60,000 மீதுதான் 13 சதவீத எச்எஸ்டி விற்பனை வரி, அதாவது 20,800 டாலர்.