கொட்டகையில் கிடக்கும் இன்னொரு சைக்கிள்

கேள்வி: எனக்கு வயது 41. மாரண்டஅள்ளிப் பக்கம் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறேன். ஜனவரியில் 80 கிலோமீட்டர் மவுண்டன் பைக் போட்டிக்குப் பெயர் கொடுத்திருக்கிறேன். சீட்டுப் பணத்தில் வாங்கிய வண்டி. தினமும் நாலரை மணிக்குக் கிளம்பி, பஞ்சப்பள்ளி அணைப் பக்கம் 30 கிலோமீட்டர் ஓட்டுகிறேன். வழியில் செயின் அறுந்தால்கூட ஐந்தே நிமிடத்தில் மாட்டிவிடுவேன். பிளஸ் டூ படிக்கும் மகளின் சைக்கிள் செயின் போய் நாலு மாதமாகச் சும்மா நின்றது. அதை மாட்டுக் கொட்டகைக்கு நகர்த்திவிட்டு என் வண்டியை வீட்டுக்குள் நிறுத்தினேன். மகள் பஸ்ஸுக்கு நடந்துவிடுகிறாள், அதில் பிரச்சினை இல்லை. மனைவிதான் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. 'இந்த வயதில் இது எதற்கு' என்கிறாள். அவளை எப்படிச் சம்மதிக்க வைப்பது?

பதில்: தம்பி, உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். காலையில் எத்தனை கிலோமீட்டர் ஓட்டுகிறீர்கள், போட்டி எத்தனை கிலோமீட்டர் என்றெல்லாம் எழுதிவிட்டீர்கள். மகள் பஸ் ஸ்டாப்புக்கு எவ்வளவு தூரம் நடக்கிறாள் என்பது மட்டும் இல்லை. தெரியுமா உங்களுக்கு?

காட்டுப் பாதையில் அறுந்த செயினை ஐந்து நிமிடத்தில் மாட்டுகிற கை, வீட்டு வாசலில் அறுந்த செயினை நாலு மாதமாக மாட்டவில்லை. நேரமில்லை என்று சொல்லாதீர்கள். அந்த வண்டியைக் கொட்டகைக்குத் தள்ளிக்கொண்டு போகும்போது செயின் தரையில் இழுபட்டிருக்கும். அந்தச் சத்தம்கூடவா காதில் விழவில்லை?

பெண் குழந்தை வேண்டாம் என்பவர்கள் கொல்லாமல் சர்க்கார் தொட்டிலில் விட்டுப்போகட்டும் என்று வந்த தொட்டில் குழந்தைத் திட்டம் 1992-ல் சேலத்தில் தொடங்கி, பிறகு நம் தருமபுரிக்கும் வந்தது. ஏன் வரவேண்டி இருந்தது என்று உங்கள் அம்மாவைக் கேளுங்கள், சொல்வார். அப்படிப்பட்ட மண்ணில் ஒரு பெண் பதினோராம் வகுப்புக்கு வந்து, சர்க்கார் கொடுத்த சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். அநேகமாக அவள் பெயரில் வந்த முதல் வண்டி அதுதான். அதை மாட்டோடு கட்டிவிட்டு, 'பிரச்சினை இல்லை' என்கிறீர்கள். பெண் வாய் திறந்து கேட்கவில்லை என்றால் அவளுக்குத் தேவையில்லை என்றா அர்த்தம்? அப்பனிடம் கேட்டுப் பலனில்லை என்று அவள் முடிவுகட்டி ரொம்ப நாளாகியிருக்கும். இந்த மாதிரிக் கடிதம் எனக்கு வருஷத்துக்குப் பத்து வருகிறது. ஒன்றில் கேமரா, ஒன்றில் புல்லட், இன்னொன்றில் ஜல்லிக்கட்டுக் காளை. எல்லாவற்றிலும் கேள்வி ஒன்றுதான்: மனைவியை எப்படிச் சம்மதிக்க வைப்பது?

'இந்த வயதில் எதற்கு' என்று உங்கள் மனைவி சொன்னது வயதைப் பற்றி இல்லை. 41 எல்லாம் ஒரு வயதா? தாராளமாக ஓட்டுங்கள். ஒருமுறை ஈசிஜி எடுத்து டாக்டரிடம் காட்டிவிடுங்கள். 80 கிலோமீட்டர் கரடுமுரடுப் பாதையில் பல மணி நேரம் ஓட்டுகிறவர் வெறும் தண்ணீரை நம்பக் கூடாது. வியர்வையில் போகிற உப்புக்கு உப்பு வேண்டும். மணிக்கு 30 முதல் 60 கிராம் வரை மாவுச்சத்து உள்ளே போகவேண்டும். வாழைப்பழமும் கடலை மிட்டாயும் பையில் இருக்கட்டும். அப்புறம் ஒன்று. யானை நடமாடும் பஞ்சப்பள்ளிப் பக்கம் விடியாத இருட்டில் தனியாகப் போவது வீரம் இல்லை. மனைவி அங்கே தூங்காமல் கிடப்பாள். வெளுத்த பிறகு கிளம்புங்கள்.

மனைவியிடம் இப்போதைக்கு ஒரு வார்த்தையும் பேசவேண்டாம். சனிக்கிழமை கடையைச் சாத்திவிட்டு சைக்கிள் கடைக்குப் போங்கள். அறுந்த செயினை இணைக்க உங்கள் பையில் வைத்திருக்கும் லிங்க் அதற்குச் சேராது. கியர் வண்டிச் செயின் ஒல்லி, மகள் வண்டிச் செயின் அகலம். அதற்கென்றே கேட்டு வாங்குங்கள், சில நூறு ரூபாய்தான். ஞாயிற்றுக்கிழமை காலை பஞ்சப்பள்ளி வேண்டாம். கொட்டகையிலிருந்து வண்டியை எடுத்து, சாணியைக் கழுவி, மகளைப் பக்கத்தில் உட்காரவைத்து மாட்டுங்கள். செயினை எப்படிப் பூட்டுவது என்று அவளுக்கும் காட்டிக் கொடுங்கள். பிரேக் கட்டையையும் பாருங்கள், நாலு மாதத்தில் ரப்பர் இறுகிப்போயிருக்கும். இரவு அந்த வண்டி வீட்டுக்குள் நிற்கட்டும். இடம் போதவில்லை என்றால் உங்களுடையது கொட்டகைக்குப் போகட்டும்.