அப்பச்சியின் ஓமேகா கடிகாரத்தை மெருகேற்றி விற்கலாமா?

கேள்வி: பினாங்கில் கடை வைத்திருந்த எங்கள் அப்பச்சி (அப்பா) 1966இல் அங்கே வாங்கிய ஓமேகா ஸ்பீட்மாஸ்டர் கைக்கடிகாரம் எங்கள் பெட்டகத்தில் இருக்கிறது. இப்போது ஓடவில்லை, டயலும் மங்கிவிட்டது. கூட்டைப் பாலிஷ் போட்டு, டயலுக்குப் புதுச் சாயம் ஏற்றித் தந்தால் நல்ல விலைக்கு எடுத்துக்கொள்வதாகக் காரைக்குடிப் பழம்பொருள் வியாபாரி ஒருவர் சொல்கிறார். அப்படிச் செய்யலாமா?
– ஒரு வாசகர், தேவகோட்டை

பதில்: தயவுசெய்து இரண்டையும் செய்யாதீர்கள். காரைக்குடியில் பழம்பொருள் கடைகள் உள்ள முனீஸ்வரன் கோவில் தெருவில் விற்பனைக்கு நிற்கும் தேக்குத் தூணுக்கு மெருகு அழகு சேர்க்கலாம். ஆனால் இத்தகைய கடிகாரத்தைத் தேடி வாங்குபவர்கள், தொழிற்சாலையிலிருந்து வந்த நிலையில் எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்பதைப் பார்த்தே விலை சொல்வார்கள். பாலிஷ் போட்டால் வார் மாட்டும் முனைகளின் கூர்மையான விளிம்புகள் தேய்ந்துவிடும். அதைவிடப் பெரிய இழப்பு டயலுக்குச் சாயம் ஏற்றுவதால் வரும். அசல் எழுத்து ஒருமுறை அழிந்தால் அதைத் திரும்பப் பெற வழியே இல்லை.

1957இல் அறிமுகமான ஸ்பீட்மாஸ்டரில் 1968 வரை பெரும்பாலும் 321 என்ற எண்ணுடைய இயந்திரம் இருந்தது. அதன்பின் 861 வந்தது. நிலவுக்குச் சென்ற அப்பல்லோ 11 வீரர்களுக்கு வழங்கப்பட்டவையும் 321 இயந்திரம் கொண்டவையே என்பதால், சேகரிப்பாளர்கள் அதற்குக் கூடுதல் விலை தருகிறார்கள். ஆகவே, பழைய ஸ்விஸ் கடிகாரங்களில் பழகிய கைவினைஞர் ஒருவரிடம், நீங்கள் அருகில் இருக்கும்போதே பின்மூடியைத் திறக்கச் செய்து, இயந்திரத்தின் எண்களையும் மூடியின் உட்புறத்தையும் தெளிவாகப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். அதற்குமுன் சாவி கொடுத்துப் பார்ப்பதோ பக்கவாட்டுப் பொத்தான்களை அழுத்துவதோ வேண்டாம். எண்ணெய் வறண்ட பற்சக்கரங்கள் அதனால் தேயும்.

டயலின் அடியில் 'ஸ்விஸ் மேட்' என்ற எழுத்தின் இருபுறமும் ஆங்கில 'டி' இருந்தால், அது ஒளிரும் பூச்சில் டிரிட்டியம் என்ற கதிரியக்கப் பொருள் இருப்பதைக் குறிக்கும். டிரிட்டியத்தின் வீரியம் ஏறத்தாழ 12.3 ஆண்டுகளுக்கு ஒருமுறை பாதியாகக் குறைவதால், அறுபது ஆண்டு கடந்த டயல் இருட்டில் மங்கிக் கிடப்பதே இயல்பு. பளிச்சென்று ஒளிர்ந்தால்தான், பூச்சை யாரோ மாற்றியிருக்கிறார்கள் என்று ஐயப்பட வேண்டும்.

இந்த எச்சரிக்கை மிகையானதன்று. 2021 நவம்பரில் ஜெனீவா ஏலத்தில் 30 லட்சம் ஸ்விஸ் பிராங்குக்கு மேல் விலைபோன ஒரு ஸ்பீட்மாஸ்டர், வெவ்வேறு கடிகாரங்களின் பாகங்களைச் சேர்த்து உருவாக்கப்பட்டது என்று 2023இல் ஓமேகா நிறுவனமே அறிவித்தது. அத்தகைய சந்தையில், ஒரே வீட்டில் ஒருவர் கையிலேயே இருந்த கடிகாரத்துக்குத் தனி மதிப்பு உண்டு. அப்பச்சி அதைக் கட்டியிருக்கும் பழைய புகைப்படமோ, பினாங்குக் கடை ரசீதோ, பெட்டியோ கிடைக்கிறதா என்று வீட்டில் தேடிப் பாருங்கள்.

நூறாண்டு ஆகாததால், 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டம் இதற்குப் பொருந்தாது. ஆனால் அப்பச்சி உயில் எழுதாமல் காலமாகியிருந்தால், உங்கள் உடன்பிறந்தோர் உள்ளிட்ட வாரிசுகளுக்கும் இதில் பங்கு உண்டு. அவர்கள் சம்மதத்தை எழுத்தில் பெற்ற பின்னர், குறைந்தது இரண்டு வாங்குநர்களிடமாவது விலை கேளுங்கள்.