பைக்கில் புதிய பேட்டரி போட்ட பிறகும் செல்ஃப் எடுக்கவில்லை, ‘டிக்’ சத்தம் மட்டும் வருகிறது. செல்ஃப் மோட்டாரை மாற்றிவிடலாமா?

மாற்ற வேண்டாம். குறைந்தபட்சம், நான் கீழே சொல்லும் அளவுகளை எடுத்துப் பார்க்கும் வரையாவது மாற்ற வேண்டாம்.

பட்டனை அழுத்தினால் ஒரே ஒரு ‘டிக்’ கேட்கிறது, ஹெட்லைட்டும் ஹாரனும் குறையில்லாமல் வேலை செய்கின்றன, பேட்டரி புதியது, ஒர்க்‌ஷாப்பில் மோட்டார் போய்விட்டது என்கிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். எந்த ஊர் என்று நீங்கள் சொல்லவில்லை. மழையும் மேடும் உள்ள ஊராகத்தான் இருக்க வேண்டும் என்று எண்ணுகிறேன். ஏனென்றால் இதே வரிசையில், இதே சொற்களோடு, எனக்கும் ஒரு தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் இது நடந்தது.

நான் மெக்கானிக் அல்ல. தேனி மாவட்டத்துக் கம்பம் ஊரில் குடியிருந்து, லோயர் கேம்ப் வழியாக மலை ஏறி, கேரள எல்லையில் உள்ள குமுளிப் பக்கத்துப் பள்ளி ஒன்றில் தமிழ் வழிப் பிள்ளைகளுக்கு இயற்பியல் நடத்துகிறவன். கரும்பலகைக்காரர் வண்டியைப் பற்றிப் பேசலாமா என்று சிலர் கேட்கக்கூடும். பத்தாம் வகுப்பு ஓம் விதியை ஒழுங்காகப் படித்த யாரும் இந்தக் குறையைப் பற்றிப் பேசலாம் என்பதே என் பதில்.

முதலில் அந்த ‘டிக்’ சத்தத்தைக் கவனியுங்கள். நீங்கள் பட்டனை அழுத்தும்போது சிறிய மின்னோட்டம் ரிலேயின் சுருளுக்குப் போகிறது; ரிலே தன் உள்ளே உள்ள தடித்த செம்புத் தகடுகளைச் சேர்த்து, பேட்டரியின் பெரிய மின்னோட்டத்தை மோட்டாருக்குத் திறந்துவிடுகிறது. தகடுகள் சேரும் ஓசைதான் அது. ஆகவே ‘டிக்’ கேட்கிறது என்றால் பட்டன், கில் ஸ்விட்ச், கிளட்ச் ஸ்விட்ச், சைடு ஸ்டாண்டு ஸ்விட்ச், நியூட்ரல் ஸ்விட்ச் ஆகிய எல்லாம் தம் வேலையைச் செய்துவிட்டன. அவற்றைப் பிரித்துப் பார்க்க யாரேனும் கூலி கேட்டால் கொடுக்க வேண்டியதில்லை. சத்தமே இல்லாமல் இருந்தால்தான் அந்தப் பக்கம் தேட வேண்டும். ‘டிக்டிக்டிக்’ என்று தொடர்ந்து அடித்தால் பேட்டரியின் மின்னழுத்தம் சுமை ஏறியவுடன் விழுகிறது, ரிலே விட்டுவிடுகிறது, சுமை இறங்கியதும் மறுபடி பிடிக்கிறது என்று பொருள். அது பேட்டரி இறங்கியதற்கோ, பேட்டரி முனையிலேயே பிடிப்பு தளர்ந்ததற்கோ அடையாளம். மோட்டார் மட்டும் ‘விர்ர்’ என்று சுற்றி எஞ்சின் சுற்றாமல் இருந்தால் மோட்டாரின் சுழற்சியை எஞ்சினுக்குக் கொடுக்கும் ஒன்வே கிளட்ச் வழுக்குகிறது. அதற்கும் மின்சாரத்துக்கும் தொடர்பில்லை. உங்களுடையது ஒற்றை ‘டிக்’.

என் வண்டியும் அப்படித்தான் நின்றது. 150 சிசி வண்டி, கிக்கர் கிடையாது. பள்ளி விட்டு, மழை விடாமல் பெய்து கொண்டிருந்த மாலையில் பட்டனை அழுத்தினேன், ‘டிக்’ மட்டும். பிள்ளைகள் தள்ளிவிட, இரண்டாவது கியரில் எடுத்து வந்து சேர்ந்தேன். மறுநாள் ஊரில் ஓர் ஒர்க்‌ஷாப்பில் பேட்டரி போய்விட்டது என்றார்கள். பழைய பேட்டரியை எக்ஸ்சேஞ்சில் கொடுத்துவிடச் சொன்னார்கள். நான் கொடுக்காமல் வீட்டுக்கு எடுத்து வந்தேன். புதிய பேட்டரியோடு சில நாட்கள் வண்டி ஒழுங்காக ஓடியது, பிறகு மீண்டும் அதே ‘டிக்’. இந்த முறை மோட்டாருக்குள் சுற்றும் காயிலான ஆர்மேச்சர் எரிந்துவிட்டது, மோட்டாரையே மாற்ற வேண்டும், சில ஆயிரம் ஆகும் என்றார்கள். இரண்டு முறையும் அவர்கள் ஒரு மீட்டரைக்கூட வண்டியில் வைத்துப் பார்க்கவில்லை. எனக்குத் தாங்கமுடியாமல் போனது பணம் அல்ல, அதுதான்.

குமுளியில் பம்பு செட் மோட்டார்களுக்குக் காயில் கட்டும் பெரியவர் ஒருவர் இருக்கிறார், மலையாளி. எங்கள் பள்ளி மோட்டாரையும் அவர்தான் பார்ப்பார். அவரிடம் வண்டியைக் கொண்டுபோனேன். “சேட்டா, மோட்டார் எரிஞ்சு போச்சுன்னு சொல்றாங்க” என்றேன். அவர் வண்டியைப் பார்ப்பதற்கு முன்பே, “எரிஞ்சா மணம் வருமே மாஷே, மணம் வந்ததா?” என்று கேட்டார். வரவில்லை. மல்டிமீட்டரை எடுத்தார்.

பேட்டரியின் இரண்டு முனைகளிலும் வைத்தபோது 12.6 வோல்ட். என்னைப் பட்டனை அழுத்தச் சொன்னார். ஏறக்குறைய 11 வோல்ட்டில் நின்றது. பேட்டரிக்குக் குறையில்லை. பிறகு மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் பாசிட்டிவ் முனையிலும், மறு முனையைச் செல்ஃப் மோட்டாரில் வயர் ஏறும் போல்ட்டிலும் வைத்து மறுபடி அழுத்தச் சொன்னார். அரை வோல்ட்டுக்கும் குறைவு. அந்த வழியும் நன்றாக இருக்கிறது. கடைசியாகப் பேட்டரியின் நெகட்டிவ் முனையிலும் எஞ்சின் உடம்பிலும் வைத்தார். அழுத்தினேன். 6 வோல்ட்டைத் தாண்டியது. அந்த இடத்தில் 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினாலே சந்தேகப்பட வேண்டும். “போற வழி சரியா இருக்கு, திரும்பி வர்ற வழி போச்சு” என்றார். எஞ்சினிலிருந்து பேட்டரியின் நெகட்டிவுக்குத் திரும்பும் எர்த் வயர் பிடித்திருக்கும் போல்ட்டைக் கழற்றினால், போல்ட்டின் அடியில் துரு. வயரின் முனையில் நசுக்கிப் பொருத்தியிருக்கும் லக்கின் உள்ளே செம்பு முழுவதும் பச்சை பூத்துப் பொடியாக உதிர்ந்தது. வயரின் மேலுறை மட்டும் புதிது போலப் பளபளப்பாக இருந்தது.

நல்ல செம்பு தெரியும் வரை வயரை நறுக்கி, புதிய லக் போட்டு, எஞ்சினில் அந்த இடத்தை உப்புத்தாளால் தேய்த்து, முறுக்கிய பிறகு மேலே வாசலின் தடவினார். பட்டனைத் தொட்டவுடன் எஞ்சின் எடுத்தது. அவர் வாங்கிய கூலியைச் சொன்னால் நம்பமாட்டீர்கள். வீட்டுக்குக் கொண்டுவந்த பழைய பேட்டரி இன்று என் தங்கையின் ஸ்கூட்டரில் ஓடிக்கொண்டிருக்கிறது.

நான் வகுப்பில் இதை இப்போதும் கணக்காகக் கொடுக்கிறேன். ஓர் இணைப்பில் துரு ஏறி 0.1 ஓம் மின்தடை உண்டாகிவிட்டது என்று கொள்ளுங்கள். 35 வாட் ஹெட்லைட் 12 வோல்ட்டில் சுமார் 3 ஆம்பியர் எடுக்கும். அந்த இணைப்பில் அதற்கு இழப்பு 0.3 வோல்ட் மட்டுமே, வெளிச்சம் குறைந்தது கண்ணுக்கே தெரியாது. செல்ஃப் மோட்டார் 50 ஆம்பியர் இழுக்கப் பார்த்தால் அதே இடத்தில் 5 வோல்ட் போய்விடும். மீதியை வைத்துக்கொண்டு அதனால் எஞ்சினின் கம்ப்ரஷனைத் தாண்ட முடியாது. பல வண்டிகளில் விளக்குகளின் எர்த் வேறு வயர் வழியாகவே திரும்புகிறது என்பதால், ஹெட்லைட் எரிவதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. லோயர் கேம்ப் மின்நிலையத்துக்கு மலைச்சரிவில் இறங்கும் ராட்சதக் குழாய்களை எங்கள் பிள்ளைகள் அறிவார்கள்; கீழே வால்வு மூடியிருக்கும் வரை நடுவில் எவ்வளவு அடைப்பு இருந்தாலும் அழுத்தம் முழுதாகவே காட்டும், திறந்து நீர் பாயும்போதுதான் அடைப்பு வெளிப்படும். ஆகவே பட்டனை அழுத்தாமல் மீட்டரை வைத்துப் பார்த்துவிட்டு “பேட்டரி நன்றாக இருக்கிறது, ஆகவே மோட்டார்தான்” என்று சொல்வது சோதனையே ஆகாது.

புதிய பேட்டரி போட்டதும் உங்களுக்குச் சில நாள் சரியானது போலத் தோன்றியிருந்தால், அதற்கும் காரணம் உண்டு. பேட்டரியை மாற்றும்போது வயர்கள் அசைகின்றன, துருவுக்கு நடுவே எங்கோ உலோகம் உலோகத்தைத் தொடுகிறது. ஈரமும் அதிர்வும் சேர்ந்து அதை மறுபடி கெடுக்கின்றன. பேட்டரி அதற்குப் பொறுப்பல்ல.

ரிலேயையும் விட்டுவிடாதீர்கள். அதன் இரண்டு பெரிய போல்ட்டுகளுக்கு நடுவே மீட்டரை வையுங்கள். அழுத்தாதபோது பேட்டரியின் வோல்ட் முழுதாகக் காட்ட வேண்டும். அழுத்தியதும் பூஜ்யத்துக்கு அருகே இறங்க வேண்டும். ‘டிக்’ கேட்டும் 12 வோல்ட்டிலேயே நின்றால் உள்ளே தகடுகள் கருகிவிட்டன, ரிலேயை மட்டும் மாற்றினால் போதும். அழுத்துவதற்கு முன்பே பூஜ்யம் காட்டினால் மோட்டார் வழியாக இணைப்பே இல்லை. சுற்றும் ஆர்மேச்சருக்கு உரசியபடி மின்சாரம் கொடுக்கும் கார்பன் பிரஷ் தேய்ந்து தொடாமல் நிற்கிறது, அல்லது மோட்டாருக்குப் போகும் வயரோ எர்த்தோ முழுவதும் அறுந்திருக்கிறது. ஸ்க்ரூடிரைவரை வைத்து அந்த இரண்டு போல்ட்டுகளையும் சேர்த்துப் பொறி பறக்கவிடும் பழக்கம் எல்லா ஊரிலும் இருக்கிறது. பெட்ரோல் டேங்குக்குப் பக்கத்தில் அதைச் செய்யாதீர்கள், மீட்டர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும்போது அதற்குத் தேவையே இல்லை.

சோதிக்கும்போது வண்டி நியூட்ரலில் இருக்கட்டும். ஒரு தடவைக்கு 5 வினாடிக்கு மேல் அழுத்தாதீர்கள், இடையில் ஆறவிடுங்கள். இந்த மோட்டார் நீண்ட நேரம் ஓடுவதற்காகச் செய்யப்பட்டதே அல்ல. 1912ஆம் ஆண்டு காடிலாக் கார்களில் செல்ஃப் வந்தபோது, அதை உருவாக்கிய சார்லஸ் கெட்டரிங் கண்ட நுட்பமே அதுதான்: சில வினாடிக்கு மட்டும் என்றால் ஒரு சிறிய மோட்டாரிடம் அதன் அளவை மீறிய வேலையை வாங்கலாம்.

இதைப் படிக்கும் மெக்கானிக்குகள் என் மீது வருத்தப்பட வேண்டாம். என் வண்டியைச் சரிசெய்தவரும் கையில் கிரீஸ் படிந்த தொழிலாளிதான். நான் குறை சொல்வது அளந்து பார்க்காமல் பொருளை விற்பதைத்தான். எல்லை ஊர்களில் இருக்கும் எங்களுக்கு இதில் இன்னொரு தொல்லையும் உண்டு: நான் கம்பத்தில் வாங்கிய பேட்டரிக்குக் குமுளிக் கடையில் வாரண்டி பார்க்க மறுத்தார்கள். கிக்கர் இல்லாத வண்டிகளை விற்கிறவர்கள் மீதும் எனக்கு வருத்தம் இருக்கிறது. 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 என்ற புகை மாசு விதி வந்த பிறகு வண்டிகள் பெரும்பாலும் ஃபியூவல் இன்ஜெக்‌ஷன் ஆகிவிட்டன. அவற்றில் பெட்ரோல் பம்புக்கும், எஞ்சினைக் கட்டுப்படுத்தும் சிறு கணினியான இசியுவுக்கும் பேட்டரியில் ஓரளவு உயிர் இருந்தாக வேண்டும், இல்லையென்றால் தள்ளி எடுப்பதும் கடினம். மலைப்பாதையில் இருட்டிய பிறகு நிற்கும் ஒரு பெண்ணையோ முதியவரையோ நினைத்தால், அந்த ஓர் இரும்புக் கம்பியை எடுத்துவிட்டது நியாயம் என்று எனக்குத் தோன்றவில்லை.

எர்த் பக்கம், பாசிட்டிவ் பக்கம், ரிலே ஆகிய மூன்றும் சரியாக இருந்து, அழுத்தும்போது பேட்டரி 10 வோல்ட்டுக்கு மேல் நின்று, எஞ்சினும் இறுகாமல் இருந்து, அப்போதும் மோட்டார் சுற்றவில்லை என்றால், அன்றைக்கு மோட்டாரைக் கழற்றச் சொல்லுங்கள். அப்போதும் முழு மோட்டாரை வாங்கிவிடாதீர்கள். உங்கள் கண் முன்னே பிரிக்கச் சொல்லி, கார்பன் பிரஷின் நீளத்தையும் ஆர்மேச்சரில் பிரஷ் உரசும் செம்பு வளையத்தையும் பாருங்கள். பல மாடல்களுக்குப் பிரஷ் செட் தனியாகவே கிடைக்கிறது. கழற்றிய பழைய பாகம் எதுவானாலும் கையோடு கேட்டு வாங்கி வாருங்கள்.